காந்தப் பாடசாலைகளும் தெரிவின் சுமையும்

ஐக்கிய அமெரிக்காவின் பொதுக் கல்வி வரலாற்றிற் ‘காந்தப் பாடசாலை’ என்னும் தொடர் 1970களிலேயே வழக்கிற்கு வந்தது. யாதேனுமொரு துறையிற் சிறப்புப் பெற்று, தன் சுற்றயலுக்கு அப்பாலிருந்தும் மாணவரைத் தன்பால் இழுக்கும் பொதுப் பாடசாலையை அது குறித்தது. காந்தம் இரும்பைப் பரீட்சித்துப் பார்த்து இழுப்பதில்லை. ஆயின் இப்பாடசாலைகளுட் பெரும்புகழ் ஈட்டியவை பலவும் பரீட்சித்தே இழுத்தன. ஈர்ப்பதற்கென எழுந்த நிறுவனம் வடிகட்டும் நிறுவனமாக மாறியது எங்ஙனம் என்பதே இங்கு நோக்கற்பாலது.

வடிகட்டும் பாடசாலை அமெரிக்காவுக்குப் புதியதன்று. 1635இல் நிறுவப்பட்ட பொஸ்டன் இலத்தீன் பாடசாலை அந்நாட்டுப் பொதுப் பாடசாலைகளுள் மிகப் பழையது. நியூயோர்க்கில் 1904இல் ஆண்களுக்கான கைத்தொழிற் பயிற்சிப் பாடசாலையாகத் தொடங்கிய ஸ்டைவெசன்ட், 1934 முதல் நுழைவுப் பரீட்சை நடத்தியது. 1938இல் புரொங்ஸ் விஞ்ஞான உயர்தரப் பாடசாலை தோன்றியது. குடியேறி வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள், கட்டணம் எதுவுமின்றி, பரீட்சைப் புள்ளி ஒன்றையே துணையாகக் கொண்டு மேலெழும் வாயில்களாக இவை கருதப்பட்டன. அக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் ஸ்டைவெசன்டின் வாயில் பெண்களுக்கு 1969 வரை மூடியே இருந்தது. அதுவும் ஒரு மாணவி நீதிமன்றத்தை நாடிய பின்னரே திறந்தது. பொஸ்டன் இலத்தீன் பாடசாலை பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1972 வரை காத்திருந்தது.

நியூயோர்க் பரீட்சைகள் கறுப்பின, போட்டோரிக்க மாணவருக்குப் பாதகமானவை என்ற முறைப்பாடு எழுந்து, நகரக் கல்வித் தலைவர் அதனை ஆராய முற்பட்டபோது, மாநிலச் சட்டசபை விரைந்து செயற்பட்டது. 1971இல் நிறைவேறிய ஹெக்ட் - கலன்ட்ரா சட்டம், ஸ்டைவெசன்ட், புரொங்ஸ் விஞ்ஞானப் பாடசாலை, புறூக்ளின் தொழில்நுட்பப் பாடசாலை ஆகியவற்றின் அனுமதிக்குப் போட்டிப் பரீட்சையே அளவுகோல் என விதித்தது. ஆராய்ச்சியின் முடிவு வருமுன்னரே விடையைச் சட்டமாக்கிவிட்ட விந்தை இது.

காந்தப் பாடசாலையின் பிறப்பு முற்றிலும் வேறானது. பாடசாலைகளில் இன ஒதுக்கல் சட்டவிரோதம் என 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1971இல் அதன்பொருட்டு மாணவரைப் பேருந்துகளில் வேற்றயற் பாடசாலைகளுக்கு அனுப்பும் முறையையும் அது ஏற்றது. வெள்ளையர் பலர் நகரங்களை விட்டுப் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். 1974இல் டெட்ரோயிட் நகர் தொடர்பான வழக்கில், குற்றம் நிரூபிக்கப்படாத புறநகர்களை நகரத்தோடு இணைத்து மாணவரைக் கலக்குமாறு கட்டாயப்படுத்த முடியாதென ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் அதே நீதிமன்றம் தீர்த்தது. கட்டாயத்தின் எல்லை நகர எல்லையோடு முடிந்தது. எஞ்சியது கவர்ச்சி ஒன்றே. 1968இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் மக்காவர் ஆரம்பப் பாடசாலை முன்னரே காட்டியிருந்த வழியை ஏனைய நகரங்களும் பின்பற்றின. கூட்டாட்சி அரசும் 1976 முதல் இதற்கெனப் பணம் ஒதுக்கியது.

இக்கவர்ச்சி எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரம் சான்று. அங்கு 1980களின் நடுப்பகுதி முதல் நீதிமன்றக் கட்டளையின்படி ஏறத்தாழ இரண்டு பில்லியன் டொலர் செலவிடப்பட்டது. கறுப்பின மாணவர் மிகுந்த உயர்தரப் பாடசாலையொன்று ஒலிம்பிக் அளவிலான நீச்சற் குளத்துடன் மீளக் கட்டப்பட்டது. எதிர்பார்த்த புறநகர் மாணவர் திரளாக வரவில்லை. 1995இல் உச்ச நீதிமன்றம் இத்திட்டத்துக்குக் கடிவாளமிட்டது.

பொட்டோமக் ஆற்றின் இரு கரைகளிலும் 1985இல் தோன்றிய இரு நிறுவனங்கள் இவ்விரு மரபுகளும் ஒன்று கலந்தமையைத் தெளிவுறக் காட்டுகின்றன. வேர்ஜினியாக் கரையில் விஞ்ஞான தொழில்நுட்பத்துக்கான தோமஸ் ஜெபர்சன் உயர்தரப் பாடசாலை, பாடசாலை முழுவதுமே பரீட்சைவழித் தெரிவாக அமைந்தது. மேரிலாந்துக் கரையில், மொன்ட்கொமரி மாவட்டத்து மொன்ட்கொமரி பிளெயர் உயர்தரப் பாடசாலையிற் சிறுபான்மை மாணவர் தொகை பெருகிவந்த வேளையில், ஏனைய பகுதி மாணவரை அங்கு ஈர்க்கும் பொருட்டு விஞ்ஞான, கணித, கணினித் துறைகளுக்கான காந்தப் பிரிவொன்று நிறுவப்பட்டது. ஆண்டுக்குச் சுமார் நூறு மாணவர், பரீட்சையின் வழியே. ஆக, பாடசாலையின் வாயிலில் நின்று எண்ணினால் இனங்கள் கலந்தன. வகுப்பறையின் வாயிலில் நின்று எண்ணினால் வேறொரு கணக்கு வந்தது. பாடசாலைக்குள் ஒரு பாடசாலை என்ற குறை இத்தகைய பிரிவுகள் அனைத்தையும் தொடர்ந்தது.

அதே மாவட்டத்தில் றிச்சட் மொன்ட்கொமரி உயர்தரப் பாடசாலை சர்வதேச பக்கலோறியேட் கற்கைநெறியை நடத்தியது. இரண்டிலும் இடம் பெற்ற பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்ளவேண்டியிருந்தது. ஒருபுறம் ஆய்வுகூடமும் கணினியும். மறுபுறம் மொழி, வரலாறு, கட்டுரையெழுத்து. பயணத் தூரமும் இத்தெரிவில் ஒரு பங்கு பெற்றது. 2006இல் மாவட்டத்தின் மேற்பகுதியில் பூல்ஸ்வில்லிலும் ஒரு காந்தப் பாடசாலை அமைந்தமை இத்தூரத்தின் சுமையைச் சற்றுக் குறைத்தது. இனங்களைக் கலப்பதற்கென அரசு வகுத்த கருவி, குடும்பங்களின் இரவுணவு வேளை விவாதமாகச் சுருங்கிவிட்டது. விவாதிக்கத் தெரிந்த குடும்பங்கள் எவை என்பதை எவரும் கேட்கவில்லை.

இக்கேள்வியை எதிர்கொண்ட இடம் நியூயோர்க். அந்நகரின் பொது உயர்தரப் பாடசாலைகளுக்கு மாணவர் ஐந்து பெயர்கள் வரை எழுதும் முறை 2003 வரை நிலவியது. சிலருக்குப் பல பாடசாலைகள் இடமளித்தன. வேறு பலருக்கு ஒன்றும் கிட்டவில்லை. தம்மை முதலாவதாகக் குறித்தோரையே கவனித்த பாடசாலைகளும் இருந்தமையால், உண்மை விருப்பத்தை எழுதுவது இழப்பாக முடியக்கூடும். சூட்சுமம் அறிந்தவர் பொய்யான வரிசையை எழுதினர். ஆண்டுதோறும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் தாம் எழுதாத பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். கேல், ஷாப்லி என்னும் கணிதவியலாளர் 1962இல் வகுத்த பொருத்த முறையைத் தழுவி, அல்வின் றொத் முதலிய பொருளியலாளர் புதிய ஒழுங்கொன்றை அமைத்தனர். அப்போது பன்னிரண்டு பெயர்கள் வரை எழுத இடமிருந்தது; உண்மை வரிசையை எழுதுவதால் இழப்பில்லை. முதலாண்டிலேயே அத்தொகை சுமார் மூவாயிரமாகச் சுருங்கியது. சிறு தந்திரத்தை ஒழித்ததில் இவ்வொழுங்கு பெருவெற்றியே. ஆயினும் நல்ல பாடசாலைகளின் இடங்களை அது ஒன்றேனும் கூட்டவில்லை. கூட்டுவது பொருளியலாளர் கையில் இல்லை. பரீட்சைப் பாடசாலைகளோ தமது தனி வழியிலேயே நின்றன. 2019இல் ஸ்டைவெசன்டில் இடம் பெற்ற 895 பேருட் கறுப்பின மாணவர் எழுவர். பரீட்சையை நீக்க நகர முதல்வர் எடுத்த முயற்சி சட்டசபையிற் கைகூடவில்லை. அதனை முன்னின்று எதிர்த்தவர்களுட் பலர் ஆசியக் குடியேறிகள். பரீட்சைக்கெனத் தம் சிறு வருமானத்தைச் செலவிட்ட அவர்களைச் சலுகை காப்போர் எனத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

இத்தனைக்கும் பொருளாகிய அவ்விடங்கள் உண்மையில் என்ன தருகின்றன? அப்துல்காதிரோக்ளு, ஆங்கிறிஸ்ட், பதக் ஆகியோர் 2014இல் ‘எக்கொனொமெட்றிக்கா’ ஏட்டில் வெளியிட்ட ஆய்வு, பொஸ்டன், நியூயோர்க் பரீட்சைப் பாடசாலைகளின் வெட்டுப்புள்ளிக்குச் சற்று மேலே நின்று நுழைந்தவரையும் சற்றுக் கீழே நின்று தவறியவரையும் ஒப்பிட்டது. பிந்திய பரீட்சைப் பெறுபேறுகளில் இரு சாராருக்குமிடையே பெரிதாக வேறுபாடில்லை. இது வெட்டுப்புள்ளியின் விளிம்பில் நின்றோரைப் பற்றிய முடிவு. பெறுபேற்றால் அளக்கப்படாத நட்பு, தன்னம்பிக்கை போன்றவற்றை அது அளக்கவுமில்லை. எனினும் ஒரு புள்ளி குறைந்ததால் வாழ்வே கைநழுவியதெனக் கருதும் பிள்ளைக்கு இம்முடிவை எடுத்துரைத்தல் கல்வியாளர் கடன்.

2007இல், தனித்தனி மாணவரின் இனத்தை நோக்கி இடமளித்தல் கூடாதென உச்ச நீதிமன்றம் தடுத்த பின்னர், காந்தப் பாடசாலைகள் தம் பிறப்பின் நோக்கத்தை நேர்முகமாகப் பேணும் வழியை இழந்தன. மறைமுக வழிகளே எஞ்சின. 2020 இறுதியில் தோமஸ் ஜெபர்சன் பாடசாலைக்குரிய கல்விச் சபை நுழைவுப் பரீட்சையை நீக்கி, ஒவ்வோர் இடைநிலைப் பாடசாலையின் எட்டாம் வகுப்பு மாணவரில் ஒன்றரை வீதத்தினர்க்கு இடம் ஒதுக்கியது. அடுத்த ஆண்டு புதிதாக இடம் பெற்றோருட் கறுப்பின மாணவரின் பங்கு ஒரு வீதத்திலிருந்து ஏழு வீதமாக உயர்ந்தது. ஆசிய மாணவரின் பங்கு எழுபத்து மூன்றிலிருந்து ஐம்பத்து நான்காகக் குறைந்தது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அதனை மாற்றியது. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. நீதியரசர் இருவர் மாத்திரம் அம்மறுப்புக்கு மாறுபட்டு எழுதினர்.