டோக்கியோவில் கைமாறிய ஸ்தானம்

1994-இல் நிறைவேறிய சீர்திருத்தத்தின்படி, ஜப்பானியப் பிரதிநிதிகள் சபையின் 500 ஸ்தானங்களில் 300 தனித்தொகுதிகளுக்கும், 200 பதினொரு பிராந்தியங்களின் விகிதாசாரப் பட்டியல்களுக்கும் உரியவையாயின. அன்றுமுதல் வாக்காளர் ஒரு சீட்டில் அபேட்சகர் பெயரையும், மற்றொன்றில் கட்சியின் பெயரையும் தம் கைப்படவே பென்சிலால் எழுதி வருகின்றனர்.

அவ்விதம் எழுதப்பட்ட கட்சிப் பெயருக்கு நேர்ந்த விசித்திரம் ஒன்று உண்டு. அஞ்சல்துறையைத் தனியார்மயமாக்கும் மசோதா மேல்சபையில் தோற்றதும், கீழ்ச்சபையைக் கலைத்து மக்களின் தீர்ப்பை நாடிய பிரதமர் கொய்சுமியின் லிபரல் ஜனநாயகக் கட்சி, 2005 செப்டம்பர் 11 அன்று, டோக்கியோ பிராந்தியத்தின் 17 பட்டியல் ஸ்தானங்களில் எட்டுக்குரிய வாக்குகளைப் பெற்றது. ஆயினும், தொகுதியிலும் பட்டியலிலும் ஒருங்கே நின்ற அதன் அபேட்சகர்களில் மிகப்பலர் தொகுதிகளிலேயே வென்று பட்டியலிலிருந்து நீங்கிவிட்டமையால், அமர்த்த எஞ்சியவர் எழுவரே. எட்டாவது ஸ்தானம், அம்மசோதாவை எதிர்த்த சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தது!

கட்சி அசட்டையாய்ப் பட்டியலைச் சுருக்கியதற்குத் தண்டனை அனுபவித்தவர்கள், அதை நம்பி எழுதிய வாக்காளர்களே. சட்டம் இதற்குப் பரிகாரம் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. 2024-இல் மக்கள் ஜனநாயகக் கட்சியும், பட்டியலில் ஆளின்றி, வட கான்டோ, டோக்காய் பிராந்தியங்களில் மூன்று ஸ்தானங்களைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தது.