பெரட்டு மணியும் பிள்ளைப் பாலும்

ஜொகூர்த் தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்குப் ‘பால்’ என்னும் சொல் இரு பொருள் தரும். தாயின் மார்பில் சுரப்பதும் பால். ரப்பர் மரத்தில் வடிவதும் பால். ‘பால் எடுக்கப் போயிருக்கிறாள்’ என்றால் அங்கே எவரும் பசுவை நினைப்பதில்லை. இவ்விரு பாலுக்கும் ஒரே பெண்ணின் ஒரே காலைப் பொழுது வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்கு உணவூட்டுவதில் நம் பாட்டிமார் பட்ட இடர்களை அறியாமையின் வரலாறாகவே பலர் எழுதிச் சென்றுள்ளனர். நேரத்தின் வரலாறாகவே அதனை நாம் காண்கிறோம்.

1909இல் கெமாஸ் தொடங்கி ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை முடிவுற்றது. அதன் இருமருங்கிலும் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிமார் வழியாகத் தமிழகச் சிற்றூர்களிலிருந்து வந்தோருள் பெண்களும் இருந்தனர். அவர்களும் மரம் வெட்டிக் கூலி பெற்றனர்.

ஊரில் பிள்ளைக்கு உணவூட்டல் தாயொருத்தியின் பொறுப்பன்று. பாட்டி சேனை வைப்பாள். அத்தை உரைமருந்து இழைப்பாள். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கவும் ஆளிருந்தது. அம்மரபு குறையற்றது என்று நாம் சொல்ல வரவில்லை. சீம்பாலைக் கெட்டபால் எனப் பீய்ச்சிக் கொட்டிய வீடுகள் பல. ஆயினும் தாய்க்குத் துணையாகக் கைகள் இருந்தன. கடல் கடந்து வந்தவளுக்கு வாய்த்ததோ லயத்தில் ஓர் அறையும், தன்னைப்போலவே விடியுமுன் வேலைக்குப் போகும் கணவனும்.

விடியுமுன் என்பதற்குக் காரணம் மரத்தின் இயல்பில் இருக்கிறது. இரவின் குளிர்ச்சியில் மரப்பட்டையின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற அது தணியும், பாலும் குறையும். ஆகவே இருள் பிரியுமுன் மணி அடிக்கும்; ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பர். (‘பரேடு’ என்னும் ஆங்கிலச் சொல்லே தோட்டத் தமிழர் வாயில் ‘பெரட்டு’ ஆயிற்று.) கிராணி பேர் வாசிக்கும்போது அங்கே இல்லாதவளுக்கு அன்றைய கூலியில்லை. பின் தன் நிரையிலுள்ள சில நூறு மரங்களை வெட்டி, பால் வடியும் வரை காத்திருந்து, மங்கு மங்காக வாளியில் சேர்த்து, காண்டாவில் சுமந்து, நிறுவைக்குக் கொண்டு சேர்க்க நண்பகல் நெருங்கிவிடும்.

இரண்டு மாதக் குழந்தைக்கு அந்த இடைவெளியில் இரண்டு மூன்று முறையேனும் பசிக்கும். தாயின் உடலுக்கும் ஒரு கணக்குண்டு. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். குடிக்காது தேங்கினால் மார்பு கட்டும், நாளடைவில் சுரப்பே குறையும். ‘அவளுக்குப் பால் வற்றிவிட்டது’ என்று லயத்தில் பேசிக்கொண்டதன் பின்னணி பெரும்பாலும் இதுவே. அதனை அவள் உடம்பின் குறையென்றோ தலைவிதியென்றோ கொண்டனர். மணியைக் குற்றம் சொன்னவர் இலர்.

மணிக்கும் பிள்ளைக்கும் நடுவே நின்றவள் ஆயா. போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்த சொல் இது. மரம் வெட்டும் வலு குறைந்த முதியவள் ஒருத்தி, உத்திரத்தில் சேலைத் தூளிகள் கட்டிய கொட்டகையில், தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் பார்த்துக்கொண்டாள். 1923இல் கூட்டு மலாய் மாநிலங்களில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்பும், அதன் வழியே ஜொகூர் கைக்கொண்ட சட்டமும் பிள்ளைக் கொட்டகையையும் பேறுகாலப் படியையும் முதலாளியின் கடமைகளாக்கின. சட்டம் நல்லதே. ஆனால் கொட்டகை லயத்தருகே இருந்தது. நிரையோ சிலருக்குப் பக்கத்திலும் பலருக்குத் தொலைவிலும் அமைந்தது. பக்கத்தில் வெட்டியவள் இடையில் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப முடிந்தது. தொலைவில் வெட்டியவளின் பிள்ளைக்கு ஆயா எதைக் கொடுப்பாள்?

அவ்விடத்தில்தான் டின் பால் நுழைந்தது. சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய இப்பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. திறந்தாலும் எளிதில் கெடாது; கடையில் கடனுக்கும் கிடைத்தது. கொழுப்பு நீக்கிய பாலில் செய்த மலிவு வகையில், கண்ணுக்கு இன்றியமையாத வைட்டமின் ‘ஏ’ இல்லாமற் போயிற்று. அதனையே உண்டு வளர்ந்த பிள்ளைகள் சிலர் பார்வையிழந்தனர். விலைக்கு அஞ்சி மிகுதியாக நீர் கலந்தால் பிள்ளை மெலிந்தது. கொதிக்காத நீர் கலந்தால் பேதி கண்டது. ஊரில் பழகிய பாலாடை வாய் திறந்தது. வெந்நீரில் அலசினால் தூய்மையாகும். புட்டியோ கழுத்து குறுகியது. அடியில் படிந்த பால் எளிதில் போகாது. அப்புட்டியின் சூப்பியும் ரப்பர்தான் என்பதை இங்கே சொல்லாதிருக்க இயலவில்லை. பழமை என்று நாம் ஒதுக்கிய பாலாடையை இன்று இந்திய மருத்துவமனைகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்துகின்றனர். அச்சொல்லும் அப்படியே ஆங்கில மருத்துவ ஆய்வுகளில் ஏறியுள்ளது.

டின் பாலை வெளிப்படையாகச் சாடியவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்த அவர், ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில் பிள்ளைகளைத் தாக்கிய குவாஷியோர்கர் என்னும் ஊட்டக்குறை நோயை மருத்துவ உலகிற்கு அறிவித்தவர். 1936இல் மலாயாப் பணிக்கு வந்தார். தாதியர் உடை அணிந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று பிள்ளை பெற்றவர்களிடம் டின் பாலைப் பரிந்துரைத்ததைச் சிங்கப்பூரில் கண்டு சினந்தார். (‘தாதி’ என்னும் சொல்லின் வடமொழி மூலத்திற்குப் பாலூட்டுபவள் என்பதே பொருள்.) 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டு அவர் உரையாற்றினார். இம்மரணங்களைக் கொலையெனவே கருதல் வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம். அவருடைய சினம் விற்பவர்மேல் பாய்ந்தது, அது முறையே. ஆயினும் தோட்டத்துப் பெண்ணைப் பொறுத்தவரை, விற்பவர் வருமுன்னரே மணி அவளிடமிருந்து குழந்தையைப் பிரித்துவிட்டிருந்தது என்பதையும் நாம் சேர்த்துச் சொல்லல் வேண்டும்.

போர் வந்தது, டின் பால் அரிதாயிற்று. சயாம் மரண இரயில் பாதைக்கு ஆண்கள் கொண்டு செல்லப்பட்ட தோட்டங்களில், தாய்மார் மரவள்ளிக் கிழங்கைத் தாமும் உண்டு பிள்ளைகளுக்கும் ஊட்டினர். வயிறு நிறையும், புரதமோ மிகக் குறைவு. அதே காலத்தில் வில்லியம்ஸ் சாங்கிச் சிறையில் இருந்தார். அங்கே பிறந்த 20 குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, 20 குழந்தைகளும் பிழைத்தன என்று அவர் பின்னாளில் கூறினார். சிறையில் உணவு போதவில்லை. ஆனால் தாயும் பிள்ளையும் நாள் முழுதும் ஓரிடத்தில் இருந்தனர். நாம் மேலே சொன்னதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பிற்கால நிகழ்ச்சிகளைச் சுருக்கமாகக் கூறலாம். 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. வில்லியம்ஸின் உரை 1986இல் பினாங்கிலிருந்து மீண்டும் அச்சாயிற்று. 1991இல் தோன்றிய, பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட உலகத் தாய்ப்பால் கூட்டமைப்பு, மறு ஆண்டு முதல் ஆகஸ்டு முதல் வாரத்தைத் தாய்ப்பால் வாரமாக நடத்தி வருகிறது.

விற்பனைக்கு நெறி வந்தது, நேரத்திற்கு வந்ததா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2023 சனவரி முதல் நாளில் 98 நாளாயிற்று. குழந்தைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தருக என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆறு மாதம் ஏறத்தாழ 180 நாள். எஞ்சிய 82 நாளும் இன்றும் பழைய நிரையின் தொலைவாகவே கிடக்கின்றன.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் அவ்விடங்களைப் பிடித்துக்கொண்டன. ஆனால் பெரட்டு நேரம் மறைந்துவிடவில்லை. விடியுமுன் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்ப் பணியிடங்களுக்குச் செல்வோருள் கைக்குழந்தையை வீட்டில் விட்டுச் செல்லும் நம் பெண்களும் இருக்கின்றனர். வேலையிடத்தில் ஒதுக்கிடம் தேடிப் பாலைக் கறந்து, பனிக்கட்டிப் பையில் வைத்து, மாலை நெரிசலில் கொண்டு வருகின்றனர். குளிர்பெட்டியில் தேதியிட்டு அடுக்கிய அப்பாலை மறுநாள் வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கிப் பேரப்பிள்ளைக்கு ஊட்டுபவர், சில வீடுகளில், ஆயாக் கொட்டகையில் வளர்ந்த பாட்டியே.