பெரியப்பாவின் இரண்டு மரணங்கள்

‘அமேசிங் ஃபேண்டஸி’ இதழின் 15ஆம் எண்ணில் (ஆகஸ்ட் 1962) ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்-மேனை உருவாக்கியபோது கதையின் அச்சாணியாக வைத்தது ஒரு சாவை. தப்பியோடும் திருடனைப் பிடிக்காமல், நமக்கென்ன வந்தது என்று விட்டுவிடுகிறான் பீட்டர் பார்க்கர். அதே திருடன் பின்னர் அவனை வளர்த்த பெரியப்பா பென்னைக் கொல்கிறான். நாயகன் பிறப்பது இந்தக் குற்றவுணர்விலிருந்துதான். இங்கே குற்றம் ஒரு தனிமனிதனின் அசட்டை. திருடன் ஏன் திருடனானான் என்ற கேள்விக்குப் பிரதியில் இடமில்லை.

அதே பெரியப்பா இன்னொருமுறை செத்தார். 2008 டிசம்பரில் வெளிவரத் தொடங்கிய ‘ஸ்பைடர்-மேன் நுவார்’, டேவிட் ஹைனும் ஃபேப்ரிஸ் சபோல்ஸ்கியும் எழுதி, கார்மினே டி ஜியாண்டோமெனிகோ வரைந்த நான்கு இதழ்த் தொடர். களம் 1933இன் நியூயார்க். அமெரிக்க உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லாத பெருமந்தக் காலம். பெரியம்மா மே தெருவில் நின்று சோஷலிசம் பேசுகிறாள். பெரியப்பாவைக் கொல்வது ‘காப்ளின்’ என்னும் தாதாவின் ஆட்கள். அநீதியை எதிர்த்துப் பேசியதற்கான தண்டனை அது. பையனின் அசட்டை காரணமல்ல. 1962இல் தற்செயலாக இருந்த சாவு இங்கே அரசியல் கொலையாகிறது.

இதைச் சும்மா வேஷமாற்றம், பழைய தொப்பி, பழைய கோட்டு என்று தள்ளிவிட முடியுமா? முடியாது என்றே தோன்றுகிறது. காரணம், நுவாரின் பூர்வீகம். 1946இல் ஹாலிவுட் குற்றப்படங்களைப் பற்றி எழுதும்போது பிரெஞ்சு விமர்சகர் நினோ ஃப்ராங்க் பயன்படுத்திய பெயர் அது. வேரோ அதற்கும் முந்தைய மலிவுத்தாள் இதழ்களில் இருக்கிறது. டாஷியல் ஹாமெட்டின் ‘ரெட் ஹார்வெஸ்ட்’ (1929) நாவலில், வேலைநிறுத்தத்தை உடைக்கச் சுரங்க முதலாளி ரவுடிகளைக் கூட்டிவருகிறான். வேலை முடிந்த பிறகும் அவர்கள் போகவில்லை, ஊரையே எடுத்துக்கொள்கிறார்கள். ஆக, நுவாரில் குற்றம் என்பது ஊருக்கு வந்த நோயல்ல, ஊரின் நிர்வாக முறையே அதுதான். அதே ஹாமெட், இடதுசாரிகளின் ஜாமீன் நிதிக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்து 1951இல் சிறை சென்றார்.

சூப்பர் ஹீரோவும் இதே காலத்துப் பிள்ளை. 1938இன் முதல் சூப்பர்மேன் கதைகளில் வில்லன்கள் வேற்றுக்கிரகத்தவர்கள் இல்லை. மனைவியை அடிப்பவன், ஊழல் செனட்டர், பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளி இப்படித்தான். 1954இல் செனட் விசாரணைக்குப் பிறகு பதிப்பாளர்களே ‘காமிக்ஸ் விதி’ ஒன்றை வகுத்துக்கொண்டார்கள். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரிகள் மீது மரியாதைக் குறைவு ஏற்படும்படி எதையும் காட்டக்கூடாது என்றது அது. 1962இன் பெரியப்பா அந்த விதியின் கீழ் செத்தவர். அதிகாரத்தைக் கேள்வி கேட்க முடியாத ஒரு கதையாடலில், பையன் தன்னைத்தான் கேள்வி கேட்டுக்கொள்ள முடியும். ‘பொறுப்பு’ என்ற புகழ்பெற்ற அறம் இந்த அடைப்புக்குள் முளைத்தது என்பது என் வாசிப்பு.

ஆகவே நுவார் பதிப்பு புதிதாக எதையும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. அழிக்கப்பட்டதைத் திருப்பித் தருகிறது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்த சில மாதங்களில் இது கடைக்கு வந்தது தற்செயலாகவே இருக்கட்டும். வாசகனுக்கு 1933 அந்நியமாக இருந்திருக்காது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த ஸ்பைடர்-மேன் கையில் துப்பாக்கி; சுடவும் செய்கிறான். பெரியம்மா அதை ஏற்கவில்லை. தெருவில் கூட்டத்தைப் பார்த்துப் பேசிய அவள், காப்பாற்றப்பட வேண்டியவளாகச் சுருங்குகிறாள். கூட்டமும் கரைந்து போகிறது. மிச்சம் ஒரு முகமூடி, அவ்வளவுதான். நிஜத்தில் என்ன நடந்தது? 1934இல் மினியாபொலிஸ் லாரித் தொழிலாளர்களும், சான்பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்து நகரங்களையே நிறுத்தினார்கள். சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் வாக்னர் சட்டம் 1935இல் வந்தது. இதில் எதையும் முகமூடி போட்டவன் செய்யவில்லை.

பெரியப்பாவின் சாவுக்கு நுவார் ஒரு காரணத்தைத் தேடிக் கொடுத்துவிட்டது. பெரியம்மாவின் பேச்சைக் கேட்டவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்பதை வரைய அதனிடம் கட்டம் இல்லை.