நிகர இலாபமும் படைப்பாளரின் பங்கும்: அமெரிக்கத் தொலைக்காட்சித் தொழிலின் கணக்கீட்டு வரலாறு பற்றிய சில குறிப்புகள்

வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பற்றி நம்மிடையே நிகழும் ஆய்வுகள் பெரும்பாலும் அவற்றின் உள்ளடக்கத்தையே பொருளாகக் கொள்கின்றன. ஒரு தொலைக்காட்சித் தொடர் எத்தகைய வாழ்க்கை நோக்கைப் பரப்புகின்றது, எவருடைய நலனைப் பேணுகின்றது என்னும் வினாக்கள் எழுப்பப்படுகின்றன. அத்தொடரின் கணக்கேடு திறந்து பார்க்கப்படுவது அரிது. கணக்கீடு வறண்ட துறை என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும் உற்பத்தி உறவுகள் துலக்கமாகப் பதிவாகும் இடங்களுள் கணக்கேடு முதன்மையானது. ஐக்கிய அமெரிக்காவிலே, தொடர்களை ஆக்கியோருக்கு இலாபத்திற் பங்கு தருவதாக எழுதப்படும் ஒப்பந்தங்கள் எவ்வாறு தோன்றின, அப்பங்கு நடைமுறையில் எவ்வாறு கரைந்தது என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உடைமைக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். 1951 இல் சி.பி.எஸ். வலையமைப்பில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற தொடரை லூசில் போல், டெசி ஆர்னாஸ் தம்பதியினர் ஹொலிவூட்டிலேயே தரமான படச்சுருளிற் பதிவு செய்ய விரும்பினர். நியூயோர்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்புவதே அக்கால வழக்கமாதலால் அதனால் ஏற்படும் மேலதிகச் செலவை ஏற்க மற்றையோர் தயங்கினர். தம்பதியினர் தமது ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்கு ஈடாகப் படச்சுருள்களின் உரிமையைப் பெற்றனர். ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு மறுவாழ்வு உண்டென்பதைப் பலர் உணராத காலம் அது. சில ஆண்டுகளில் அச்சுருள்களைப் பல மில்லியன் டொலருக்குச் சி.பி.எஸ். நிறுவனமே திரும்ப வாங்க நேர்ந்தது. இங்கு படைப்பாளர் பெற்றது பங்கன்று, பண்டத்தின் உடைமை. உடைமை கையிலிருந்தமையால் இலாபம் என்பது யாது என்ற விவாதத்திற்கே இடமிருக்கவில்லை.

பங்கு என்னும் முறைக்கு வேறொரு தோற்றுவாய் உண்டு. 1950 இல் வெளிவந்த 'வின்செஸ்டர் 73' என்ற திரைப்படத்தில் நடிப்பதற்கு ஜேம்ஸ் ஸ்ருவேட் கேட்ட தொகையை யூனிவேர்சல் நிறுவனத்தால் முன்கூட்டியே கொடுக்க இயலவில்லை. அவருடைய முகவரான எம்.சி.ஏ. நிறுவனத் தலைவர் லூ வாஸர்மன், ஊதியத்திற்குப் பதிலாக இலாபத்தில் ஒரு பங்கு என்ற ஏற்பாட்டைச் செய்தார். ஸ்ருவேட் பெருந்தொகை ஈட்டினார். அவ்வேற்பாடு பின்னர் பரவியபோது, 'நிகர இலாபம்' என்ற சொல்லுக்குப் பல பக்கங்கள் கொண்ட வரைவிலக்கணங்களை நிறுவனங்களின் சட்டத்தரணிகள் ஒப்பந்தங்களோடு இணைக்கலாயினர். கணக்கியல் நூல்கள் கூறும் நிகர இலாபத்திற்கும் இதற்கும் பெயரளவிலன்றி உறவில்லை. இன்னொன்றையும் இடையிலே குறிப்பிடலாம். முகவர் நிறுவனமான எம்.சி.ஏ. தானே தொலைக்காட்சி நிகழ்ச்சிகளையும் தயாரிப்பதற்கு நடிகர் சங்கம் 1952 இல் சிறப்பு அனுமதி வழங்கிற்று. அப்போது அச்சங்கத்தின் தலைவராக இருந்தவர் எம்.சி.ஏ.யின் வாடிக்கையாளரும் பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியுமான றொனால்ட் றேகன். 1962 இல் யூனிவேர்சலும் எம்.சி.ஏ.யின் வசமாயிற்று. நடிகருக்காக இலாபப் பங்கு கேட்டவரே, இலாபத்தை வரையறுக்கும் தரப்பின் தலைவரானார்.

தொலைக்காட்சித் தொழிலின் நிதி அமைப்பு இவ்வரையறைகளுக்கு வாய்ப்பான களமாக அமைந்தது. வலையமைப்பு ஒரு தொடரை ஒளிபரப்புவதற்குச் செலுத்தும் உரிமக் கட்டணம் பெரும்பாலும் உற்பத்திச் செலவிலுங் குறைவானது. எஞ்சிய பற்றாக்குறையைத் தயாரிப்பு நிறுவனம் ஏற்கும். ஏறத்தாழ நூறு அத்தியாயங்கள் சேர்ந்த பின்னர், தொடரைத் தனித்தனி உள்ளூர் நிலையங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் மறுஒளிபரப்புக்காக விற்கும்போதே பெருவருவாய் கிட்டும். ஆகவே செலவு முன்னும் வரவு பல ஆண்டுகள் பின்னுமாக அமைகின்றது. இவ்விடைவெளியிலேதான் கணக்காளரின் கைவண்ணம் செயற்படுகின்றது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனைத் தொடரை எடுத்துக்கொள்வோம். அதன் உற்பத்திச் செலவு 60 மில்லியன் டொலர். வலையமைப்பு செலுத்தியது 45 மில்லியன். மறுஒளிபரப்பு விற்பனை 40 மில்லியன். விளம்பரம், பிரதியெடுத்தல் முதலிய விநியோகச் செலவு 4 மில்லியன். சாதாரண வணிகர் ஒருவர் 21 மில்லியன் இலாபம் என்பார். ஒப்பந்த வரைவிலக்கணம் வேறு வழியிற் செல்லும். முதலில் விற்பனைத் தொகையில் 35 சதவீதம், அதாவது 14 மில்லியன், விநியோகக் கட்டணமாகக் கழிக்கப்படும். விநியோகஸ்தர் அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவேயாவர். விநியோகச் செலவும் தனியே கழிக்கப்பட, எஞ்சுவது 22 மில்லியன். மறுபுறத்தில் உற்பத்திச் செலவின்மீது 15 சதவீதம் மேந்தலைச் செலவாக ஏற்றப்படும். அலுவலகத்திற்கும் கலையகத்திற்கும் உண்மையில் எவ்வளவு செலவாயிற்று என்பது கேள்வியன்று. எனவே 15 மில்லியனாக இருந்த பற்றாக்குறை 24 மில்லியனாகின்றது. இப்போதே தொடர் 2 மில்லியன் நட்டத்தில் உள்ளது. அதன்மேல் ஆண்டுதோறும் வட்டி. வரும் வருவாய் முதலில் வட்டிக்கும் பின்னரே முதலுக்கும் வரவு வைக்கப்படும். தொடர் மேலும் விற்பனையாக, ஒவ்வொரு விற்பனையும் தன்னோடு ஒரு கட்டணத்தையும் கொண்டுவரும். பொய்யான பற்றுச்சீட்டு ஒன்றேனும் இங்கு இல்லை. எல்லாம் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின்படியே நிகழ்கின்றது என்பதே இதிற் கவனிக்கத்தக்கது.

நடைமுறைக்கு வருவோம். 1974 முதல் 1980 வரை என்.பி.சி. வலையமைப்பில் ஒளிபரப்பான 'றொக்ஃபோட் ஃபைல்ஸ்' தொடரின் நாயகன் ஜேம்ஸ் கார்னர், அதன் நிகர இலாபத்திற் பங்குடையவர். தயாரிப்பு நிறுவனம் யூனிவேர்சல். தொடர் மறுஒளிபரப்பில் நன்கு விலைபோயிருந்தும் அது இலாபம் ஈட்டவில்லை என்றே அவருக்கு அறிவிக்கப்பட்டது. 1983 இல் அவர் ஒப்பந்த மீறலும் வஞ்சகமும் எனக் குற்றஞ்சாட்டி 16.5 மில்லியன் டொலர் கோரி வழக்குத் தொடுத்தார். ஆறாண்டுகள் இழுபட்டு 1989 இல் வழக்கு நீதிமன்றத்திற்கு வெளியே தீர்த்துக்கொள்ளப்பட்டது. தீர்வின் விபரம் வெளியிடப்படவில்லை. இந்த மௌனம் தற்செயலானதன்று. தனியொருவருக்கு ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவிட்டால், அதே வரைவிலக்கணத்தின் கீழுள்ள ஏனையோருக்கு முன்தீர்ப்பு எதுவும் கிட்டாது.

முன்தீர்ப்பு கிட்டிய அருமையான சந்தர்ப்பம் திரைப்படத்துறையில் நேர்ந்தது. பரமவுண்ட் நிறுவனத்தின் 'கமிங் ரு அமெரிக்கா' (1988) என்ற படம் தமது கருவிலிருந்து உருவானது என எழுத்தாளர் ஆட் புக்வோல்ட் தொடுத்த வழக்கில், பெருவசூல் பெற்ற அப்படத்திற்கு நிகர இலாபமே இல்லை என நிறுவனம் வாதிட்டது. படத்தின் நாயகன் எடி மேர்பி, நிகர இலாபப் பங்குகளைக் குரங்குப் புள்ளிகள் என எள்ளி நகையாடியமை இவ்வழக்கின்போது பிரசித்தமாயிற்று. 1990 இல் கலிபோர்னிய நீதிபதி, நிகர இலாப வரைவிலக்கணத்தின் பல கூறுகள் மனச்சாட்சிக்கு ஒவ்வாதவை எனத் தீர்த்தார். ஆனால் 1992 இல் புக்வோல்டுக்குக் கிடைத்தது 150,000 டொலர். அவருடைய தயாரிப்பாளர் பங்காளிக்கு 750,000. 1994 இல் 'பட்மன்' படம் தொடர்பான வழக்கொன்றில் நீதிமன்றம் இதற்கு மாறான முடிவுக்கே வந்தது. நீதிமன்றத்தின் வழி திறந்தது போலத் தோன்றி மூடிக்கொண்டது எனலாம்.

இதுவரை கூறியவை யாவும் கணக்கேட்டின் செலவுப் பக்கத்தில் நிகழ்ந்தவை. வரவுப் பக்கம் ஓரளவு நம்பத்தக்கதாய் இருந்தது. அதற்குக் காரணம் அரசின் தலையீடு. 1970 இல் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழு வகுத்த விதிகள், வலையமைப்புகள் வெளித் தயாரிப்பாளரின் தொடர்களில் நிதி உரிமை பெறுவதையும் மறுஒளிபரப்பு விற்பனையில் ஈடுபடுவதையும் தடுத்தன. திரையரங்குகளைத் தயாரிப்பு நிறுவனங்களிலிருந்து பிரித்த 1948 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நோக்கோடு இது ஒத்தது. வாங்குவோரும் விற்போரும் வேறானவர்களாதலின் உரிமக் கட்டணம் பேரத்தால் அமைந்தது. யூனிவேர்சல் தன் செலவை எவ்வளவு ஊதிப் பெருக்கினும், என்.பி.சி. கொடுத்த தொகையைக் குறைத்துக் காட்டுவது எளிதன்று.

இவ்விதிகள் 1993 இல் தளர்த்தப்பட்டு 1995 இல் ஒழிந்தன. தடையற்ற சந்தையின் பெயரால் நிகழ்ந்த இம்மாற்றத்தின் விளைவு சந்தையே உட்சுவருக்குள் மறைந்தமைதான். ஏ.பி.சி. வலையமைப்பின் உடைமையை டிஸ்னி 1996 இல் ஏற்றது, சி.பி.எஸ். 2000 இல் பரமவுண்டின் உடைமையாளரான வயகொம்முடன் இணைந்தது, என்.பி.சி.யும் யூனிவேர்சலும் 2004 இல் ஒன்றாயின. தொடரைத் தயாரிப்பதும் வாங்குவதும் மறுபடி விற்பதும் ஒரே குடும்பத்தின் கைகளாயின. பன்னாட்டுக் கம்பனிகளின் வரி விவகாரங்களைப் பயின்றோருக்கு இந்நிலை புதியதன்று. சகோதர நிறுவனத்திற்குக் குறைந்த விலையில் விற்றால் குடும்பத்திற்கு நட்டமில்லை. தயாரிப்புப் பிரிவின் ஏட்டில் மட்டும் பங்குடையவனே இழப்பவன்.

அடுத்து வந்த வழக்குகளின் தன்மை இதனாலேயே மாறியது. 'ஹூ வோன்ற்ஸ் ரு பி எ மில்லியனெயர்' நிகழ்ச்சியைத் தோற்றுவித்த பிரித்தானிய நிறுவனமான செலடோர், டிஸ்னியின் பிரிவுகள் தமக்குள் செய்த ஏற்பாடுகளால் தன் பங்கு மறைக்கப்பட்டது என 2004 இல் வழக்கிட்டது; 2010 இல் யூரிமார் 269.2 மில்லியன் டொலர் வழங்கினர். 2012 இல் மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. பொக்ஸ் வலையமைப்பில் 2005 முதல் 2017 வரை 246 அத்தியாயங்கள் ஓடிய 'போன்ஸ்' தொடரின் பங்காளிகள், பொக்ஸ் தனக்கும் பங்குள்ள ஹூலு இணையச் சேவைக்குத் தொடரைக் குறைந்த விலைக்குக் கொடுத்ததென முறையிட்டனர். 2019 இல் நடுத்தீர்ப்பாளர் ஏறத்தாழ 179 மில்லியன் டொலர் விதித்தார். அதில் 128 மில்லியனுக்கு மேற்பட்டது தண்டனை நட்டஈடு. அதனை நீதிமன்றம் நீக்கியது, ஒப்பந்தமே அத்தகைய நட்டஈட்டைத் தடுத்திருந்தது என்ற காரணத்தால்.

'வோக்கிங் டெட்' தொடரின் கதை இன்னும் துலாம்பரமானது. ஏ.எம்.சி. நிறுவனமே தயாரிப்பாளர், ஏ.எம்.சி.யே ஒளிபரப்பாளர், ஆகவே தனக்குத் தானே செலுத்துவதாகக் கருதப்படும் உரிமக் கட்டணத்தையும் அதுவே நிர்ணயித்தது. தொடரைத் திரைக்கு உருவாக்கிய ஃபிராங்க் டரபொன்ற் 2013 இல் தொடங்கிய வழக்கு 2021 இல் 200 மில்லியன் டொலரில் தீர்ந்தது. ஆயின் மூல வரைகதையின் ஆசிரியர் றொபேட் கேர்க்மன் முதலியோர் 2020 இல் முக்கிய வினாக்களில் தோற்றனர். வருவாயை வரையறுக்கும் அதிகாரத்தை ஒப்பந்தம் நிறுவனத்திற்கே அளித்திருந்தது என்றது நீதிமன்றம்.

நிறுவனங்களின் வாதத்தையும் நோக்குதல் வேண்டும். பெரும்பாலான தொடர்கள் தோல்வியடைகின்றன. அந்நட்டத்தை நிறுவனமே தாங்குகின்றது. வெற்றிபெற்றவை ஏனையவற்றின் சுமையையும் தாங்கவேண்டும் என்கின்றனர். இதில் உண்மையுண்டு. ஆனால் அவ்வாறாயின் நட்டம் தாங்குவதற்கான பங்கு இவ்வளவு என ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதலாமே. இலாபத்திற் பங்கு எனக் கொடுத்து இலாபம் இல்லையென ஏடு எழுதுவதற்கு அவ்வாதம் நியாயமாகாது. மேலும், இவ்வழக்குகளைத் தொடுத்தோர் பல்லாண்டு சட்டச் செலவைத் தாங்கக்கூடியவர்கள். மின்னொளி அமைப்போர், தையற்காரர், தொகுப்பாளர் ஆகியோருக்குக் குரங்குப் புள்ளியும் இல்லை.

பொதுநிலை எழுத்தாளரும் நடிகரும் பெற்றதெல்லாம் கூட்டுப் பேரத்தால் வந்தது. 1960 இல் எழுத்தாளர் சங்கமும் நடிகர் சங்கமும் வேலைநிறுத்தஞ் செய்தபோது மறுபயன்பாட்டுக்கான கொடுப்பனவு முக்கிய கோரிக்கையாயிற்று. அக்கொடுப்பனவுகள் நிகர இலாபத்தோடு பிணைக்கப்படவில்லை. ஒவ்வொரு மறுஒளிபரப்புக்கும் இவ்வளவு அல்லது மொத்த வரவில் இவ்வளவு என அமைந்தன. வாஸர்மன் தனியொரு நட்சத்திரத்திற்காகப் பெற்றுக்கொடுத்த பங்கைக் காட்டிலும் தொகையில் இது சிறிது; ஆனால் கணக்காளரால் இதனைக் கரைக்க முடியவில்லை.

நெற்பிளிக்ஸ் போன்ற இணையச் சேவைகளின் வருகை இவ்வரணையும் தகர்த்தது. உற்பத்திச் செலவோடு ஒரு மேலதிக விழுக்காட்டைச் செலுத்தி உரிமை முழுவதையும் வாங்கிக்கொள்ளும் முறை பரவியது. மறுஒளிபரப்பு விற்பனை இல்லை. எனவே பங்கிடுவதற்கு வரவும் இல்லை. எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கையே நிறுவனத்தின் இரகசியமாயிற்று. 2023 இல் எழுத்தாளர் 148 நாளும் நடிகர் 118 நாளும் வேலைநிறுத்தஞ் செய்தமைக்கு இதுவும் ஒரு காரணம். எழுத்தாளர் பெற்ற உடன்பாட்டின்படி, இணையச் சேவைக்கென ஆக்கப்பட்ட பெருஞ்செலவுத் தொடரொன்றை முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரரில் 20 சதவீதத்தினருக்கு இணையான பார்வை எட்டினால், நிலையான கொடுப்பனவின் அரைப்பங்கு மேலதிகமாகக் கிடைக்கும். பார்வை மணித்தியாலங்களின் விபரமும் சங்கத்திற்கு வழங்கப்படும். இரகசியம் காக்கும் நிபந்தனையுடன், உறுப்பினருக்குத் தொகுத்த எண்களாக மட்டுமே அதனைத் தெரிவிக்கலாம்.