ஒரு பென்னிக்கு ஓர் அபிப்பிராயம்

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் 1675-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் விசித்திரமான ஓர் ஆணையைப் பிறப்பித்தார். வரும் ஜனவரி 10 முதல் நாட்டில் காப்பிக்கடை எதுவும் இயங்கக் கூடாது என்பதே அது. காப்பியின்மீது அவருக்குப் பகையேதும் இல்லை. வேலைவெட்டியில்லாதோர் அங்கே கூடிப் பொழுதைப் போக்குகிறார்கள், அரசைப் பற்றிப் பொய்யும் அவதூறும் பரப்புகிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். எழுந்த எதிர்ப்பைக் கண்டு, தடை நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பே, ஜனவரி 8-ஆம் தேதி, ஆணை திரும்பப் பெறப்பட்டது. முடியாட்சியை மீட்டெடுத்த ஓர் அரசன் பத்தே நாட்களில் காப்பிக்கடைப் பேச்சிடம் தோற்றுப்போனான். வரலாற்றுப் பாடநூல்களில் இதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை. ஆனால் சாதாரண மனிதனின் சில்லறை அபிப்பிராயம் அச்சேறிய கதையை நாம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பேச்சு அச்சாவதற்கு இடையில் ஒன்று தேவைப்பட்டது: தபால். 1680-இல் வில்லியம் டாக்ரா லண்டனில் பென்னித் தபாலைத் தொடங்கினார். ஒரு பென்னி கொடுத்தால் நகருக்குள் எங்கும் கடிதம் போய்ச் சேரும். எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இந்த வசதியின் உள்ளே ஒளிந்திருந்த பொக்கிஷத்தைக் கண்டுகொண்டவர் ஜான் டன்ட்டன் என்ற புத்தக வியாபாரி. 1691 மார்ச்சில் அவர் தொடங்கிய தாள் 'ஏதீனியன் மெர்க்குரி'. யார் வேண்டுமானாலும் எதைப் பற்றியும் பெயரில்லாமல் கேட்கலாம். ஒரு காப்பிக்கடையின் முகவரிக்குக் கடிதம் போட்டால் போதும், 'ஏதீனியன் சங்கம்' என்ற அறிஞர் குழு பதில் சொல்லும் என்று அறிவித்தார். பெரிய சபைபோல் தோற்றம் காட்டிய அந்தச் சங்கத்தில் உண்மையில் இருந்தவர்கள் மிகச் சிலரே. டன்ட்டன் ஒருவர், கணிதம் தெரிந்த ரிச்சர்ட் சால்ட் ஒருவர், பாதிரியார் சாமுவேல் வெஸ்லி மற்றொருவர். (பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியின் தந்தைதான் இவர்.) சால்ட்டும் வெஸ்லியும் டன்ட்டனுக்கு உறவுக்காரர்கள் வேறு. வார இதழ்களின் கேள்வி-பதில் பகுதிகளோடு வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாட்டில் வியப்பேதும் இராது.

கேள்விகளில் இயற்கை விஞ்ஞானம் இருந்தது, வேதாகமச் சந்தேகம் இருந்தது. அவற்றைவிட நெருக்கமாக, வீட்டு விவகாரம் இருந்தது. பெண்கள் கல்வி கற்பது தகுமா? மனைவியை அடிக்கக் கணவனுக்கு உரிமை உண்டா? கொடுத்த திருமண வாக்கை மீறலாமா? இவற்றையெல்லாம் அதுவரை ஒருவர் பாதிரியாரிடம் கேட்டிருப்பார். அல்லது யாரிடமும் கேட்காமலே மாண்டிருப்பார். பெயர் மறைந்தவுடன் கேள்வி பிறந்துவிட்டது. பெண்களின் கேள்விகளும் வரவேற்கப்பட்டன என்பது முக்கியம். காப்பிக்கடைகளைப் பெண்கள் நடத்தியதுண்டு, பணிபுரிந்ததுண்டு. ஆனால் மேசையில் சமமாக அமர்ந்து விவாதிக்கும் இடம் அவர்களுக்கு அங்கே பெரும்பாலும் இருக்கவில்லை. தபால் வழியாக அந்த மேசைக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். டன்ட்டனின் தாள் 1697-இல் நின்றுபோனது. இலக்கிய வரலாற்றாசிரியர்கள் அவரை ஒரு கோமாளியாகவே பார்த்துக் கடந்துபோகிறார்கள். நாம் அப்படிக் கடந்துபோக விரும்பவில்லை.

ஏனென்றால் பின்னால் வந்த இருவர் புகழையெல்லாம் அள்ளிக்கொண்டார்கள். ரிச்சர்ட் ஸ்டீலும் ஜோசப் அடிசனும் 1672-இல் பிறந்தவர்கள், பள்ளித் தோழர்கள். ஸ்டீல் 1709 ஏப்ரல் 12-இல் 'டாட்லர்' இதழைத் தொடங்கியபோது அதைக் காப்பிக்கடைகளின் வரைபடமாகவே வகுத்தார். காதலும் கேளிக்கையும் ஒயிட்ஸ் சாக்லேட் கடையிலிருந்து வரும், கவிதை வில்ஸ் காப்பிக்கடையிலிருந்து, கல்வி கிரீஷியனிலிருந்து, செய்திகள் செயின்ட் ஜேம்ஸிலிருந்து. எஞ்சியவை எல்லாம் 'என் சொந்த அறையிலிருந்து'. எழுதுபவர் ஐசக் பிக்கர்ஸ்டாஃப் என்ற கற்பனைக் கிழவர். அந்தப் பெயரும் இரவல்தான். ஜோசியர் ஒருவரைக் கேலி செய்ய ஜொனாதன் ஸ்விஃப்ட் முந்தைய ஆண்டு உருவாக்கிய பெயர் அது. வாரம் மும்முறை வந்த டாட்லர் 271 இதழ்களோடு 1711 ஜனவரியில் முடிந்தது. இரண்டே மாதத்தில், மார்ச் 1-ஆம் தேதி, 'ஸ்பெக்டேட்டர்' பிறந்தது. ஞாயிறு நீங்கலாகத் தினமும் ஒரு தாள், ஒரு பென்னி, ஒரு கட்டுரை. தினம் 3,000 படிகள் விற்கின்றன என்றும், ஒவ்வொன்றையும் இருபது பேர் படிப்பதாகக் கொண்டால் 60,000 வாசகர்கள் என்றும் பத்தாவது இதழிலேயே அடிசன் கணக்குச் சொன்னார். இருபது என்பது அவரே போட்ட பெருக்கல். என்றாலும் ஒரு தாள் பல கைகள் மாறும் காப்பிக்கடையில் அது அப்பட்டமான புளுகும் அல்ல.

எதைப் பற்றி எழுதினார்கள்? பாவாடையின் சுற்றளவைப் பற்றி. டாட்லரின் 116-ஆவது இதழில் வளையம் வைத்து விரித்த பாவாடை ஒன்று நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு விசாரிக்கப்படுகிறது. முகத்தில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பொட்டுகளைப் பற்றி. ஸ்பெக்டேட்டரின் 81-ஆவது இதழில், நாடக அரங்கில் எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்த சீமாட்டிகளில் விக் கட்சியினர் நெற்றியின் வலப்புறமும் டோரிக் கட்சியினர் இடப்புறமும் பொட்டு ஒட்டியிருப்பதை அடிசன் கவனிக்கிறார். தீவிர விக் கட்சிக்காரியான ஒருத்திக்கு இயற்கையாகவே ஒரு மச்சம், துரதிர்ஷ்டவசமாக டோரிப் பக்கத்தில் அமைந்துவிட்டதாம். அக்கால அரசியல் கொதிப்பை இந்த மச்சம் நமக்கு உணர்த்தும் அளவுக்கு நாடாளுமன்ற உரைகள் உணர்த்துவதில்லை.

இத்தகைய அபிப்பிராயங்களில் சொந்த எரிச்சலும் கலந்திருக்கும் என்பதற்கு நல்ல சான்று இத்தாலிய இசை நாடகம். ஹாண்டலின் 'ரினால்டோ' 1711 பிப்ரவரி 24-இல் லண்டனில் அரங்கேறியது. மேடையில் உயிருள்ள சிட்டுக்குருவிகளைப் பறக்கவிட்டார்கள். பத்தே நாளில், ஸ்பெக்டேட்டரின் ஐந்தாவது இதழில், அடிசன் அந்தக் குருவிகளைப் பிடித்துக்கொண்டார். புரியாத மொழியில் பாடும் நாடகத்தையும் அதன் அலங்காரங்களையும் நயமாகக் கிழித்தார். படிக்க இன்றும் சுவையான கட்டுரைதான். ஆனால் அதே அடிசன் ஆங்கிலத்தில் எழுதி, தாமஸ் கிளேட்டன் இசையமைத்த 'ரோசமண்ட்' 1707-இல் மூன்றே இரவுகளில் படுத்துவிட்டது என்பது கட்டுரையில் எங்கும் இல்லை. ரினால்டோவோ முதல் பருவத்திலேயே 15 முறை ஆடியது. நடுநிலையான பார்வையாளர் என்ற வேடம் போட்டவருக்கு இந்த மறதி வசதியாக இருந்திருக்கிறது. குருவிகளை ரசித்த கூட்டம் தன் கருத்தை அச்சில் சொல்ல இடமிருக்கவில்லை. கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிற்று.

நம்மை உறுத்துவதும் இதுவே. கடிதங்கள் ஸ்டீலுக்கும் அடிசனுக்கும் குவிந்தன. ஸ்ட்ராண்ட் தெருவில் வாசனைத் திரவியக் கடை வைத்திருந்த சார்ல்ஸ் லில்லி அவற்றை வாங்கி வைப்பவர்களில் ஒருவர். பின்னர் 1713-இல் 'கார்டியன்' இதழுக்காகப் பட்டன்ஸ் காப்பிக்கடையில் ஒரு சிங்கத் தலையை வைத்து, அதன் வாயில் கடிதம் போடச் சொன்னார்கள். வெனிஸ் நகரச் சிங்கங்களைப் பார்த்துச் செய்ததாக அடிசன் குறிப்பிடுகிறார். வெனிஸில் அந்த வாய் அண்டை வீட்டுக்காரனை அரசிடம் காட்டிக்கொடுக்கப் பயன்பட்டது. லண்டனில் மாமியார் கொடுமையையும் நாடக அரங்கில் சீட்டியடிப்பவனையும் பற்றிச் சொல்லப் பயன்பட்டது. ஆனால் அச்சான கடிதங்களில் எது வாசகருடையது, எது ஆசிரியரே புனைந்தது, எது திருத்தி மெருகேற்றியது என்று பிரித்தறிவது இன்று மிகக் கடினம். எல்லாக் கடிதங்களும் ஒரே நளினமான நடையில் பேசுகின்றன. தையற்காரியும் வணிகனும் மாணவனும் அப்படியா எழுதியிருப்பார்கள்? பண்பட்ட உரைநடைக்கு ஆங்கிலம் கொடுத்த விலை இந்தக் குரல்கள்.

முழுவதும் தொலைந்துவிடவில்லை என்பது நம் பேறு. இதழ்களில் இடம்பெறாத கடிதங்களை 1725-இல் லில்லி ஸ்டீலின் இசைவோடு இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நிராகரிக்கப்பட்டவை, ஆகவே அதிகம் செதுக்கப்படாதவை. சில சலிப்பூட்டுபவை, சில அசட்டுத்தனமானவை. இருந்தும் நம் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடமாக இருந்த 'சர் ராஜர் டி கவர்லி' கட்டுரைகளோடு இவற்றில் நாலைந்தையும் சேர்த்து வைத்திருந்தால் மாணவர்கள் அந்த நூற்றாண்டை இன்னும் நன்றாக அறிந்திருப்பார்கள்.

அரசு தன் பங்குக்கு 1712 ஆகஸ்டு 1 முதல் முத்திரை வரி போட்டது. அரைத் தாளுக்கு அரை பென்னி. பல இதழ்கள் மடிந்தன. ஸ்பெக்டேட்டர் விலையை இரண்டு பென்னியாக்கித் தாக்குப்பிடித்து, டிசம்பர் 6-இல் 555-ஆவது இதழோடு நின்றது. 1714-இல் அடிசன் சிறிது காலம் மீண்டும் நடத்தினார்; பழைய களை அதில் இல்லை.

அதன் தொகுதி ஒன்று கடல்கடந்து பாஸ்டன் நகரில் அண்ணனின் அச்சகத்தில் வேலை பழகிய ஒரு பையனின் கைக்குக் கிடைத்தது. கட்டுரைகளின் குறிப்பை எழுதிவைத்து, சில நாள் கழித்து நினைவிலிருந்து மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தன் பிழைகளைத் திருத்திக்கொண்டதாகத் தன்வரலாற்றில் அவர் சொல்கிறார். தம்பி எழுதியதை அண்ணன் அச்சிட மாட்டார் என்று அவருக்குத் தெரியும். எனவே 1722-இல், பதினாறு வயதில், 'சைலன்ஸ் டூகுட்' என்ற நடுவயது விதவையாகத் தன்னைக் கற்பித்துக்கொண்டு, கல்லூரியையும் குடியையும் பாவாடை வளையத்தையும் பற்றிக் கடிதம் எழுதி, இரவில் அச்சகக் கதவின் அடியில் செருகிவிட்டு வந்தார். அண்ணனும் நண்பர்களும் அதைப் படித்துப் பாராட்டி, எழுதியவர் யாராக இருக்கும் என்று ஊரிலுள்ள அறிஞர்களின் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பதினான்கு கடிதங்கள் வெளிவந்தன.