தஞ்சைக் கல்வெட்டுக் காலக்குறிப்பும் கணினி நாள்வடிவமும்

முன்னுரை

கல்வெட்டுகளைக் கணினித் தரவாகத் தொகுக்கும்போது காலக்குறிப்புகளை ‘ஆண்டு-மாதம்-நாள்’ என்னும் ஒரே எண்வடிவிற்கு மாற்றுவது வழக்கம். தேடலுக்கும் வரிசைப்படுத்தலுக்கும் அவ்வடிவம் துணைசெய்கிறது. எனினும், கல்வெட்டு கூறாத துல்லியத்தை அது கல்வெட்டின்மீது ஏற்றிவிடும் இடர் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் இரு காலக்குறிப்புகளைக் கொண்டு இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

இரு காலக்குறிப்புகள்

முதலாம் இராஜராஜன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் ஸ்ரீவிமானத்தின் தூபித்தறியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தான். 26ஆம் ஆண்டின் 20ஆம் நாளில், கோயிலுக்கு அளிக்கப்பட்ட கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். இவ்விரு குறிப்புகளும் யாண்டையும் நாளையும் மட்டுமே தருகின்றன. மாதம், திதி, கிழமை, நட்சத்திரம் எதுவும் சுட்டப்படவில்லை. ஆகவே ஆட்சித் தொடக்க நாளை அறிந்தாலன்றி இவற்றை இன்றைய நாட்காட்டிக்கு மாற்ற இயலாது.

கிழமையும் நட்சத்திரமும் இணைந்துவரும் பிற கல்வெட்டுகளைக் கணித்த கீல்ஹார்ன், ஆட்சித் தொடக்கத்தை ஏறத்தாழ கி.பி. 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் நிறுத்தினார். அதன்படி செப்புக்குடம் அளித்த நாள் 1010 மார்ச் 26 முதல் ஏப்ரல் 25 வரையிலான காலத்தில் ஏதேனும் ஒரு நாளாகும். இக்காலத்துள் ஒரு நாளைத் தேர்ந்து பதிவது ஊகத்தைச் சான்றாக்குவதாகும். ஆனால் இரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலம் ஐயத்திற்கு இடமற்றது. ஆண்டுக்கு 365 நாள் எனக் கொண்டால் அது 110 நாள். தொடக்க நாள் எதுவாயினும் இவ்வளவு மாறாது. தனித்தனியே மாற்றிய இரு நாள்களை மட்டும் காப்பதில் இவ்வுறவு மறைந்துபோகிறது.

நாட்காட்டியும் எண்குறியும்

மேற்கண்ட நாள்கள் யூலியன் நாட்காட்டிக்குரியவை. ஐஎஸ்ஓ 8601 தரமோ கிரகோரியன் நாட்காட்டியை முற்காலத்திற்கும் நீட்டிக்கொள்கிறது. 1010இல் இரண்டிற்கும் 6 நாள் வேறுபாடு உள்ளமையால், அதே காலம் ஏப்ரல் 1 முதல் மே 1 வரை என மாறும். எந்த நாட்காட்டி என்பதைக் குறிக்காத தரவில் இப்பிழை கண்ணுக்குப் புலப்படாது.

எழுத்துவடிவிலும் சிக்கல் உண்டு. பழந்தமிழ் எண்முறையில் 275 என்பது ௨௱௭௰௫ என அமையும். இங்கு ௱, ௰ என்பன நூறு, பத்து என்னும் மதிப்பைத் தாமே உணர்த்துகின்றன. ஒருங்குறி இவற்றைப் பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்தவில்லை. ஆதலின் இலக்கங்களை மட்டும் அறிந்த நிரல் இத்தொடரை எண்ணாக ஏற்காது. பாண்டியர் கல்வெட்டுகளின் ‘எதிர்’ என்னும் சொல்லும் இத்தகையதே. ‘2 எதிர் 13’ என்பதைப் பொதுவாகக் கூட்டி 15ஆம் ஆண்டாகக் கொள்வர். இச்சொல்லை நீக்கி முதல் எண்ணை மட்டும் எடுக்கும் நிரல் 13 ஆண்டுகள் பிழைபடும்.

முடிவுரை

கல்வெட்டின் காலக்குறிப்பு முதலில் ஒரு வாசகம். நாட்காட்டி நாள் அதிலிருந்து பெறப்படும் கணிப்பு. எனவே மூலவாசகம், அதைப் பகுத்த கூறுகள், கணித்த காலஎல்லை ஆகிய மூன்றும் தனித்தனியே பதியப்பட வேண்டும். கணிப்பிற்கு அடிப்படையான தொடக்க நாளும் நாட்காட்டியும் உடன் குறிக்கப்பட வேண்டும். ஆட்சித் தொடக்கம் குறித்த கருத்து பின்னாளில் திருத்தப்படின், கணிப்பு மட்டுமே மாறும். கல் கூறியது மாறாமல் நிற்கும்.