நடுக்குருத்து

"மறுதாம்புச் சோளத்துல மாட்டை விட்டுறாத கண்ணு, நுரை தள்ளிப் போயிரும்" என்றார் அம்மாயி. எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். அறுத்த கட்டையில் புதுசாகத் துளிர்த்து நின்ற சோளம்தான் அந்தக் கோடையில் காட்டிலேயே இருந்த ஒரே பச்சை. அதைப் போய் விஷம் என்கிறாரே என்று நம்பவில்லை.

அந்த விஷத்துக்கு வேதியியலில் பெயர் கிடைத்தது 1902இல். டன்ஸ்டன், ஹென்றி என்ற இரண்டு ஆங்கிலேய வேதியியலாளர்கள் இளஞ்சோளத்திலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்தார்கள். சோளத்தை அரபியில் ‘துரா’ என்பார்கள். அதை வைத்து ‘துரின்’ என்று பெயரிட்டார்கள்.

துரின் இலையின் மேல்தோல் செல்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி உள்பக்கத்துச் செல்களில், வேறு அறையில். பூச்சியோ மாடோ கடித்து நசுக்கினால்தான் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். மென்பொருள் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. தாக்க வருகிறவனே தன் கையால் பொறியை இயக்கிவிடுகிறான். 2001இல் டென்மார்க் ஆய்வாளர்கள், துரினை உருவாக்கும் மூன்று சோள மரபணுக்களைக் கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றில் ஏற்றிப் பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தையே தின்று வாழும் ஒரு வண்டு, மாற்றப்பட்ட செடியைத் தவிர்த்தது.

‘சோளத்தின் சயனைடு ஆயுதம்’ என்று தலைப்புப் போட்டு இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் குருத்து ஈ என்று ஒன்று இருக்கிறதே!

வீட்டு ஈயைவிடச் சின்னது. முளைத்து ஒன்றிலிருந்து நாலு வாரத்துக்குள் இருக்கும் பயிரைத் தேடி வந்து, இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளையாக, சுருட்டு வடிவத்தில் முட்டை வைக்கும். ஓரிரு நாளில் பொரியும் புழு, பனி ஈரத்தில் வழுக்கிக்கொண்டே குருத்துக்குள் இறங்கி, வளரும் நுனியை அறுத்துவிடும். பிறகு நடுக்குருத்து மட்டும் வாடிக் காயும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், அழுகல் நாற்றத்தோடு. இளம்பயிரில்தான் துரின் மிக அதிகம். இந்தப் புழு குடியிருப்பதும் அங்கேதான். அதாவது, மாட்டைக் கொல்லும் விஷத்துக்கு நடுவிலேயே இது வளர்ந்துவிடுகிறது.

அப்படியானால் சோளம் எதை வைத்துத் தப்பிக்கிறது? இதைக் குனிந்து பார்த்தவர்களில் முன்னோடி ஒரு தமிழர். பி.டபிள்யூ.எக்ஸ். பொன்னையா 1951இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்விதழில் குருத்து ஈயைத் தாங்கும் சோள ரகங்களைப் பற்றி எழுதினார். தாங்கும் ரகங்களின் இலைத்தோலில் மணல் போன்ற சிலிக்கா துகள்கள் மற்றவற்றைவிட முன்னதாகவே தோன்றுகின்றன என்பது அவர் கண்டது. அதே 1951இல்தான் அமெரிக்காவின் கான்சாஸில் ரெஜினால்ட் பெயின்டர் பயிர்களின் பூச்சி எதிர்ப்பு பற்றிய தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பூச்சிக்குப் பிடிக்காமல் போவது, தின்ற பூச்சி நொடித்துப் போவது, கடி வாங்கியும் பயிர் எழுந்து நிற்பது என்று மூன்றாகப் பிரித்தவர் அவர். பெயின்டர் பாடப்புத்தகமானார். பொன்னையாவை நான் கேள்விப்பட்டதே முப்பது வயசுக்கு மேல்தான்.

1964இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சோளமான சி.எஸ்.எச்.1 வந்தது. குட்டை, குறுகிய காலம், நல்ல விளைச்சல். அதன் தாய் வரிசை அமெரிக்கச் சோளம். அன்றைய அமெரிக்க வயல்களில் குருத்து ஈ கிடையாது. எதிரியே இல்லாத ஊரில் தேர்ந்தெடுக்கப்பட்ட செடிக்குக் காவல் எதற்கு? இங்கே வந்ததும் ஈ அதை வெளுத்து வாங்கியது. மழை விழுந்ததும் விதைத்துவிடுங்கள், தாமதித்தால் ஈ பெருகிவிடும் என்றார்கள். விதையை அதிகமாகப் போட்டு, குருத்து காய்ந்ததைப் பிடுங்கிவிடுங்கள் என்றார்கள். கருவாட்டு வாசனைக்கு ஈ மயங்கும் என்பதால் கருவாட்டுப் பொறிகூட வைத்தார்கள். பஞ்சத்துக்குப் பயந்த காலத்தில் விளைச்சலைத் தேடியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு செடி தானாகச் செய்துகொண்டிருந்த வேலை, மருந்துச் செலவாகவும் ஆள் கூலியாகவும் விவசாயி தலையில் விழுந்தது என்பதும் நடந்ததுதான்.

ஹைதராபாத் அருகே 1972இல் தொடங்கிய இக்ரிசாட் ஆய்வு மையத்தில் ஆயிரக்கணக்கான சோள ரகங்களை விதைத்து, ஈக்கு விட்டுப் பார்த்தார்கள். தப்பியவற்றில் பலவற்றுக்கு ஓர் ஒற்றுமை இருந்தது. முதல் சில வாரங்களில் அவற்றின் இலை வெளிர்பச்சையாக, மெழுகு தேய்த்தாற்போல் பளபளக்கும். அடிப்பக்கத்தில் நுண்ணிய முடிகள். ஈ அங்கே முட்டை வைக்கத் தயங்குகிறது. வைத்தாலும், குருத்துக்குள் புழு வழுக்கிப்போகப் போதுமான ஈரம் அந்த இலையில் இருப்பதில்லை. இதில் விஷமே கிடையாது, பாதை மட்டும் அடைபடுகிறது. அப்படியும் நுனி அறுபட்டால், சில ரகங்கள் அடியிலிருந்து சிம்பு வெடித்து அதிலே கதிர் வாங்கும். பெயின்டரின் மூன்றாவது வகை அதுதான்.

இந்தப் பளபளப்பு ரகங்களில் பெரும்பாலானவை தக்காணத்து நாட்டுச் சோளங்கள். மழைக்காலம் முடிந்து, ஈ மிகுந்திருக்கும் புரட்டாசி ஐப்பசியில் விதைக்கப்பட்டவை. பிழைத்த செடியின் கதிரை விதைக்கு எடுத்து வைத்தவர்கள் இலையின் பளபளப்பைக் கவனித்தார்களோ இல்லையோ, அது அவர்கள் குதிருக்குள் வந்து சேர்ந்துவிட்டது. சோலாப்பூர்ப் பக்கம் மோகோலில் ‘மால்தண்டி’ என்ற நாட்டுச் சோளத்திலிருந்து 1930களில் பொறுக்கியெடுத்த எம்.35-1 ரகம் குருத்து ஈயை ஓரளவு தாங்கும். அதன் பிறகு எத்தனையோ ஒட்டு ரகங்கள் வந்துவிட்டன. மகாராஷ்டிரத்தில் பின்பனிக்காலச் சோளம் என்றால் இன்றும் பல விவசாயிகள் கேட்டு வாங்குவது அதைத்தான்.